சர்வேயர் போட்ட நேர்கோடு

“மேடம், நான் இங்க வந்து நாப்பது நாள் ஆச்சு. இன்னும் ஒரு மரத்தைக்கூடத் தொடல.”

“தெரியும் சார்.”

“நாப்பது நாளா உதிர்ந்த இலையைத்தான் பொறுக்கிட்டிருக்கேன்.”

“நல்லாப் பொறுக்குறீங்க” என்றார் மெர்லின் மேடம். சொல்லிவிட்டு, அடுத்த வலையில் விழுந்திருந்த குப்பையையும் அவர் முன்னால் கொட்டினார்.

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக இது தலைகீழாக இருக்கும். என்ன செய்வது, வந்த விண்ணப்பம் அப்படி.

இடம் வால்பாறைக்கு மேலே. தேயிலை முடிந்து மழைக்காடு தொடங்குகிற விளிம்பில், தகரக் கூரை போட்ட ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே மரங்கள் எப்படி வளர்கின்றன, எப்படிச் சாகின்றன என்று பல வருஷமாகக் கணக்கெடுக்கிறார்கள். மெர்லின் மேடம் அதன் தலைவர். நாகர்கோவில்காரர். ஒரு வாக்கியத்தில் முடிகிற விஷயத்துக்கு இரண்டாவது வாக்கியம் செலவழிக்க மாட்டார்.

அவர் கொடுத்த விளம்பரத்திலும் மூன்றே வாக்கியங்கள். ‘காட்டு ஆராய்ச்சிக்கு உதவ இன்டர்ன் தேவை. ஆறு மாதம். அட்டை கடிக்கும்.’

மூன்றாவது வாக்கியத்தைப் படித்ததும் கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவர் அருப்புக்கோட்டை திருமேனி. அவர் பிறந்ததிலிருந்து அட்டையைப் பார்த்ததில்லை. அதனால் பயப்படவும் இல்லை.

திருமேனி இருபத்தெட்டு வருஷம் அரசாங்க சர்வேயராக இருந்தவர். பாதித் தாலுகாவை அவர் கையால் அளந்திருக்கிறார். அங்கே மரம் என்றால் சீமைக்கருவேலம். கோட்டை மறைத்தால் வெட்டிவிட்டு அளப்பார். அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை, நன்றிதான் சொல்வார்கள்.

ஒருமுறை யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வால்பாறை வந்தபோது, பஸ் டயர் வெடித்து இந்தக் காட்டோரம் ஒரு மணி நேரம் நின்றது. அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணில் பட்ட எதற்கும் அவருக்குப் பெயர் தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கட்டினார்.

மனைவி தங்கபுஷ்பம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய தலையணை உறைகளை வெட்டி, முழங்கால்வரை வருகிற அட்டை உறை நான்கு ஜோடி தைத்துக் கொடுத்தார்.

“ஆறு மாசம்தானே?” என்று கேட்டார்.

“ஆறு மாசம்தான்” என்றார் திருமேனி. பொய்.

அவர் மனசில் இருந்தது பொங்கலுக்குப் பிறகு வரப்போகிற பெரிய கணக்கெடுப்பு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை, காட்டுக்குள் குறித்துவைத்த பரப்புகளில் விரல் தடிமனுக்கு மேல் இருக்கிற ஒவ்வொரு மரத்தையும் அளப்பார்கள். இரண்டு வருஷ வேலை. ஆறு பேர் குழு. ஐந்து பேர் முடிவாகிவிட்டது. ஆறாவது பெயரை டிசம்பர் கடைசியில் மேடம் எழுதுவார். அந்த இடம் கிடைக்காவிட்டால் திருமேனி அருப்புக்கோட்டைக்குத் திரும்பி, மச்சினனின் ஹார்டுவேர் கடையில் உட்கார வேண்டும். 

அதனால் இலை பொறுக்கினார்.

மரங்களுக்கு அடியில் விரித்த வலைகளில் விழுவதையெல்லாம் ஐந்து டப்பாக்களில் பிரிக்க வேண்டும். இலை, குச்சி, பூ, காய், மற்றவை.

“இந்த ‘மற்றவை’ல என்னென்ன போடறது மேடம்?”

“உங்களுக்குத் தெரியாததெல்லாம்.”

முதல் மாதம் அந்த டப்பாதான் தினமும் முதலில் நிறைந்தது. மூன்றாம் மாதம் அதில் பாதிகூட இல்லை. மேடம் ஒருநாள் அந்த டப்பாவை எட்டிப் பார்த்தார். உள்ளே போய், ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து திருமேனியின் கையில் வைத்தார்.

“நாளையிலேர்ந்து மரம்.”

திருமேனிக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மரங்களைச் சுற்றி மெல்லிய எஃகுப் பட்டை கட்டியிருப்பார்கள். மரம் பருத்தால் பட்டை விலகும். எவ்வளவு விலகியது என்று நுணுக்கமாகப் பார்த்து எழுத வேண்டும். மூன்றாம் நாளே சீடர் குருவிடம் ஓடிவந்தார்.

“மேடம், அளவுகோல்ல கோளாறு.”

“என்ன ஆச்சு?”

“காலையில அந்த வெடிப்பலா மரத்தை அளந்தேன். மத்தியானம் சந்தேகத்துல திரும்ப அளந்தா, மயிரிழை குறையுது. நாலு தடவை பார்த்துட்டேன். மரம் எங்கேயாவது சிறுக்குமா?”

மேடம் தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு டேப்பை எடுத்துக் கொடுத்தார்.

“உங்க இடுப்பை அளங்க.”

அளந்தார். “முப்பத்தெட்டரை.”

“இப்ப போய்ச் சாப்பிட்டுட்டு வந்து அளங்க.”

அன்று சாம்பாரும் அப்பளமும். திருமேனி திரும்பி வந்து அளந்தபோது முப்பத்தொன்பதுக்கு மேல் போனது. நான்கு தடவை பார்க்கவில்லை. ராத்திரி தண்ணீர் குடித்துப் பருக்கிற மரம் வெயிலில் கொஞ்சம் வற்றும் என்று புரிந்தது. டேப்பைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, நோட்டில் காலை அளவையும் மத்தியான அளவையும் இரண்டையுமே எழுதினார்.

அங்கே நோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பென்சிலால்தான் எழுத வேண்டும், மழையில் அழியாது. ஆனால் ரப்பர் கிடையாது. தப்பாக எழுதினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். தப்பும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அழகான கையெழுத்துக்காரரான திருமேனிக்கு இது ஆரம்பத்தில் பெரிய வேதனையாக இருந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம் மேடம் கோயம்புத்தூரில் ஒரு மீட்டிங்குக்குக் கிளம்பினார்.

“ஏழாம் நம்பர் பிளாட்டுல ஒரு பக்கம் கயிறு இத்துப்போச்சு. புதுசு கட்டிடுங்க. ரெண்டு நாள்ல வந்துடுவேன்.”

“நான் மட்டும் தனியாவா?”

“தனியாத்தான்.”

கணக்கெடுப்புப் பரப்பைத்தான் பிளாட் என்பார்கள். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். நான்கு மூலையில் கல், ஓரத்தில் எல்லைக் கயிறு. எல்லை கட்டுகிற வேலை. ஐந்தரை மாதத்தில் முதன்முதலாக, திருமேனி தன் தொழிலுக்கே வந்து சேர்ந்திருந்தார்.

மறுநாள் காலை பழைய கயிற்றைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. குடிகாரன் நடந்த தடம்போல் இங்கே வளைந்து, அங்கே நெளிந்து, எதை எதையோ சுற்றிக்கொண்டு போயிருந்தது. படித்தவர்கள் கட்டிய கயிறு என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு கல்லின் மேல் நின்று அடுத்த கல்லைப் பார்த்தார். தெரியவில்லை. நடுவில் புதர், செடி, குச்சி குச்சியாக என்னவோ. இருபத்தெட்டு வருஷக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அவரைக் கேட்காமலேயே அது அரிவாளை எடுத்தது.

மத்தியானம் ஒரு மணிக்குக் கயிறு கட்டி முடிந்தது. கல்லிலிருந்து கல்லுக்கு நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோடு. விரலால் சுண்டினால் ரீங்கென்றது. திருமேனி அதைத் திரும்பத் திரும்பச் சுண்டிப் பார்த்தார். ஆறாவது இடம் இனி எனக்குத்தான் என்று தோன்றியது.

வலைகளைப் பார்த்துவிட்டுப் பஞ்சவர்ணம் அந்த வழியாக வந்தார். அவர் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். நிலையத்தில் பன்னிரண்டு வருஷமாகக் களப் பணியாளர்.

“கயிறு ரொம்ப நேரா இருக்கே சார்.”

“அனுபவம்மா.”

“வழியில இருந்ததெல்லாம் எங்க?”

“வழியில என்ன இருந்துச்சு? வெறும் குச்சி.”

பஞ்சவர்ணம் கயிற்றோரமாக நடந்தார். குனிந்து, ஓர் அடிக்கட்டையைச் சுற்றியிருந்த பாசியை விரலால் விலக்கினார். உள்ளே கம்பியில் கோர்த்த அலுமினியத் தகடு. தகட்டில் கணக்கெடுப்பு நம்பர், 3118.

திருமேனி அரிவாளைக் கீழே வைத்தார்.

நிலையத்துக்கு வந்து பழைய பதிவேட்டைப் புரட்டினார்கள். 3118, நாங்கு மரம். இருபது வருஷத்துக்கு முந்திய முதல் கணக்கெடுப்பில் பதினோரு மில்லிமீட்டர். பத்து வருஷத்துக்கு முந்திய இரண்டாவதில் பன்னிரண்டு.

“இருபது வருஷமா அது?” என்றார் திருமேனி. “இந்த மழைக்கு முளைச்சதுன்னு நினைச்சேன்.”

“பெரிய மரத்து நிழல்ல அப்படித்தான் சார் நிக்கும். மேல ஒரு மரம் விழுந்து வெயில் வர்ற வரைக்கும் வளராது. சாகவும் சாகாது.”

திருமேனி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு குச்சிக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

செத்த மரத்துக்கு ஒரு படிவம் உண்டு. மரம் செத்ததைக் கண்டவரே அதை நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தில் சாவுக்கான காரணம். காற்று, கிளை விழுந்தது, யானை, பூஞ்சை, தெரியவில்லை. இந்த ஐந்தில் ஒன்றை எழுதலாம்.

“ஆனைன்னு போட்டுடுங்க” என்றார் பஞ்சவர்ணம்.

“என்னது?”

“போன வாரம்கூட அந்தப் பக்கம் வந்துச்சே. அது வந்து இல்லைன்னு சொல்லவா போவுது?”

“ஆனை அருவாள் வச்சா வெட்டும்?”

“வெட்டுவாய்ல மண்ணைத் தள்ளி மிதிச்சு விட்டுடறேன். ஒரு மழைக்கு ஒண்ணும் தெரியாது.”

“எனக்காக எதுக்கும்மா இதெல்லாம்?”

“உங்களுக்காக யாரு சொன்னா? நீங்க போயிட்டீங்கன்னா அந்த இலைக் குப்பையெல்லாம் திரும்ப என் தலையிலதான்.”

சொல்லிவிட்டு அவர் டீ போடப் போனார்.

திருமேனி படிவத்தைப் பார்த்தபடி இருந்தார். ஹார்டுவேர் கடை ஞாபகம் வந்தது. மச்சினன் உட்காரச் சொல்கிற ஸ்டூல்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை. பென்சிலை எடுத்து ‘யானை’ என்று எழுதினார். எழுத்து என்னவோ வழக்கம்போல் அழகாகத்தான் இருந்தது.

டீ வருவதற்குள் அதன் மேல் ஒரு கோடு போட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் தனியாக ஏழாம் நம்பருக்குப் போனார். நூறு மீட்டரையும் முழங்காலில் தவழ்ந்தார். அட்டைகள் தங்கபுஷ்பத்தின் தலையணை உறையைத் தாண்டிக் கழுத்துக்கே வந்தன. ஒவ்வொரு வெட்டுவாயாகத் தேடினார். இன்னும் பத்து கிடைத்தன. விரல் தடிமன்கூட இல்லாத குச்சிகள், அதனால் தகடு இல்லை, நம்பர் இல்லை. வீசி எறிந்ததைப் பொறுக்கிவந்து, எது எந்த அடிக்கட்டையுடையது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். தடிமன் அளந்தார். உயரம் அளந்தார். ஆறுக்குப் பெயர் தெரிந்தது. நான்குக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அட்டை உறைகளைத் துவைத்துக் காயப்போட்டார். துணிமணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

சாயங்காலம் மேடத்தின் ஜீப் வந்தது.

“கயிறு கட்டியாச்சா?”

“கட்டியாச்சு மேடம்.”

“எப்படி வந்திருக்கு?”

“ரொம்ப நேரா வந்திருக்கு” என்றார் திருமேனி. படிவத்தை நீட்டினார்.

மேடம் நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து படித்தார். பதினோரு வரிசை. பதினொன்றிலும் காரணம் என்ற கட்டத்தில், ஐந்து காரணங்களில் எதுவும் இல்லை. ‘திருமேனி’ என்று எழுதியிருந்தது.

முதல் வரிசையில் மட்டும், பெயருக்கு முன்னால் கோடு போட்ட ஒரு வார்த்தை.

“இங்க யானை வந்திருக்கே?”

“வந்துச்சு மேடம். உடனே போயிடுச்சு.”

உள்ளே பஞ்சவர்ணம் டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

“இதுல நம்பர் இருந்தது ஒண்ணுதானே சார்?”

“ஆமா மேடம்.”

“மத்த பத்தை யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. வெட்டும்போதும் நான் யாரையும் கேக்கல.”

மேடம் படிவத்தை மேசையில் வைத்தார். திருமேனி பெட்டி இருக்கிற பக்கம் பார்த்தார்.

“காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு மேடம்?”

மேடம் எழுந்து அலமாரியைத் திறந்தார். அலுமினியத் தகடு பத்து, ஒரு சுருள் கம்பி, நம்பர் அடிக்கிற ஆணிகள், ஒரு சின்னச் சுத்தியல். எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்.

“நம்பர் அடிச்சுக் கட்டுங்க.”

“எதுல?”

“வெட்டின கட்டையில.”

“அதெல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கேனே.”

“வெட்டினது நீங்க. சாகறதா வேண்டாமான்னு அது முடிவு பண்ணட்டும்.”

திருமேனி ஒரு தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். 

“எப்பத் தெரியும் மேடம்?”

“சிலது தை மாசத்துலேயே துளிர்க்கும். கணக்கெடுக்கும்போது நீங்களே பார்த்துடுவீங்க.”

“நானா?”

“உங்க பேர்லதானே எழுதியிருக்கு. வேற யாரு பார்ப்பாங்க?”

 திருமேனி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தகட்டைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“தையில துளிர்க்காததெல்லாம்?”

“அடுத்த கணக்கெடுப்புல தெரியும்.”

“அது பத்து வருஷம் கழிச்சுல்ல மேடம். எனக்கு அறுபத்திரண்டு ஆயிடுமே.”

“நல்லதாப் போச்சு” என்றார் மேடம். “அந்த வயசுல கோடு கொஞ்சம் கோணலா வரும்.”